பெயர்க்காரணம்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரித்துக் காட்டுகிறது நன்னூல். முதலாமாண்டுத் தமிழ் வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்று பின்வரிசையிலிருந்து ஒரு நண்பன் எழுந்து, "ஐயா, 'கஜா' என்பது இடுகுறியா, காரணமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு, "கஜம் என்றால் யானை. இங்கே யாரப்பா யானை?" என்றார். ஐம்பது கிலோ கூடத் தேறாத நான் எழுந்து நின்றேன். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அன்று நானும் சேர்ந்து சிரித்தேனே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை. மூன்றாண்டுகள் ஓடிவிட்டன. கல்லூரியை விட்டுப் பிரியும் இவ்வேளையில், "மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடு" என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் போவதே முறை என்று தோன்றியது.

நான் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவன் அல்லன். தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணிக்குக் கிழக்கே, கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளடங்கிய ஒரு சிற்றூர் என் ஊர். தஞ்சை என்றவுடன் நம் நண்பர்கள் நெல்வயலைத்தான் நினைக்கிறார்கள். நெல்லும் உண்டு. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது தென்னை. கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்களுடையது. தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அதனால் எங்கள் பாட்டன்மார் மோட்டார் போட்டுத் தென்னைக்கு மாறினார்கள். ஊருக்குள் நுழையும் சாலையில் உச்சி வெயிலிலும் நிழல்தான். வானத்தைப் பார்க்க வேண்டுமானால் குளத்தங்கரைக்குப் போ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், 96 மரங்கள். அப்பா பிறப்பதற்கு முந்தின ஆண்டு தாத்தா நட்டவை. ஆகவே என் அப்பாயி (இங்கே நீங்கள் அப்பத்தா என்பீர்கள்) அப்பாவைத் திட்டும்போதெல்லாம், "ஒனக்கு மூத்ததுங்க ஒழுங்காக் காய்க்குது, நீதான் தறுதலை" என்பார். எங்கள் தோப்புக்கும் பக்கத்துத் தோப்புக்கும் நடுவே வரப்பின்மேல் ஒரு மரம் நின்றது. அது யாருடையது என்பதில் அப்பாவுக்கும், பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பாவான பக்கத்துத் தோப்புக்காரருக்கும் ஆறேழு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காய் பறிக்கும் நாளில் இருவரும் வரப்பில் நின்று ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மரமேறி அந்த மரத்துக் காய்களை இரண்டு குவியலாகப் போட்டுவிட்டுப் போவார். அற்ப விஷயந்தான். என்றாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் மாதம். நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வங்கக் கடலில் புயல் உருவாகியிருப்பதாகவும், இலங்கை கொடுத்த 'கஜா' என்ற பெயர் அதற்கு வைக்கப்பட்டிருப்பதாகவும் செய்தி வந்தது. முதலில் சென்னைக்கும் நாகைக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடற்கரை மக்களை முகாம்களுக்கு அழைத்துப் போனார்கள். அது பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. நாங்களோ, புயல் என்பது கடற்கரைக்காரர் கவலை என்று இருந்துவிட்டோம். பத்துக் கிலோமீட்டர் பெரிய தூரம் என்று நினைத்த பேதைமையை என்னவென்பது! அன்று மாலை அப்பா செய்த ஒரே முன்னேற்பாடு, பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டதுதான்.

நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவுக்குப் பின் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் என்பதைப் பின்னால் பத்திரிகையில் படித்தோம். அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடு பறக்கும் ஓசை. ஒரு ஓடு, பிறகு ஒரு வரிசை, பிறகு கூரையின் வடக்குப் பக்கம் முழுவதும். அம்மாவும் நானும் தங்கையும் நெல் குதிருக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தோம். அப்பா கதவை முதுகால் தாங்கி நின்றுகொண்டிருந்தார். வெளியே மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. வேட்டு வெடித்தாற்போல ஒரு சத்தம், சற்று நேரம் கழித்துத் தரை அதிரும் இன்னொரு சத்தம். ஒவ்வொரு முறையும் அப்பா தாமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: "கிணத்தடி மரம்... மோட்டார் கொட்டகை மரம்... அதுக்கு அடுத்தது..." சத்தம் வந்த திக்கைக்கொண்டு எந்த மரம் என்று அவருக்குத் தெரிந்தது. இருபது வரையில் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை.

திடீரென்று காற்று நின்றது. பக்கத்தில் யாரோ இருமுவது கூடக் கேட்கும் அமைதி. எல்லாம் முடிந்தது என்று அம்மா கும்பிட்டார். அப்பாயி மட்டும், "முடியல. திரும்பி வரும். எதிர்ப் பக்கத்துலேருந்து வரும். அம்பத்திரண்டுல அப்படித்தான் வந்துச்சு" என்றார். 1952ஆம் ஆண்டுப் புயலைச் சிறுமியாக இருந்து பார்த்தவர் அவர். புயலின் கண் ஓரிடத்தைக் கடக்கையில் காற்று ஓயும், கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து வீசும் என்பதைப் பின்னாளில் புவியியல் பாடத்தில் படித்தேன். அப்பாயி பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர்.

கூரையில்லாத வீட்டில் இனி இருக்க முடியாது. அருகில் இருந்த ஒரே மாடி வீடு பெரியப்பாவுடையது. நாற்பது அடி எடுத்துவைத்தால் போய்விடலாம். அப்பா தயங்கினார் என்பதை நான் கண்ணால் கண்டேன். உயிர் போகிற வேளையிலும் மனிதனுக்கு அந்தத் தயக்கம் வருகிறது! அதற்குள் எதிரில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. பெரியப்பாதான். "என்னடா யோசிக்கிற? புள்ளைகளை மொதல்ல உள்ள தள்ளு" என்று கத்தினார். நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய சில நிமிடங்களில் காற்று தெற்கேயிருந்து திரும்பி வந்தது. நான்கு குடும்பங்கள் ஓர் அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

விடிந்தது. கதவைத் திறந்ததும் என் தங்கை, "அண்ணே, வானம் தெரியுது" என்றாள். எங்கள் தெருவிலிருந்து வானம் தெரிந்தது. அடுத்த ஊர்க் கோயில் தெரிந்தது. அதற்கப்பால் நாங்கள் பார்த்தேயிராத ஒரு தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன, நடுவில் முறிந்து நின்றன, சில குருத்துத் திருகப்பட்டு மொட்டையாய் நின்றன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மேல்மண்ணில் பரவும் சல்லிவேர்தான். முதிர்ந்த உயர மரம், உச்சியில் குலைகளின் பாரம், கீழே மழையில் ஊறிய மணற்பாங்கான நிலம். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டிய காற்றுக்கு அவை எப்படித் தாங்கும்? எங்கள் 96 மரங்களில் நின்றவை 11. வரப்பு மரம் விழும்போது வரப்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்திருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் அந்தக் குழியின் இரு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அப்பா அழவில்லை. அது எங்களுக்குப் பெரிய அச்சமாக இருந்தது.

தமிழகத்தில் 63 உயிர்களைக் கொண்டுபோனது அந்தப் புயல். மல்லிப்பட்டினத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. புயல் ஓர் இரவுக்காரியம். அதற்குப் பின் வந்த நாட்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

முதல் பிரச்சினை தண்ணீர். சுற்றிலும் வெள்ளம், குடிக்க ஒரு சொட்டு இல்லை. எங்கள் ஊரில் எல்லாம் ஆழ்துளைக் கிணறு. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது. வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். வீட்டுக்கு இவ்வளவு குடம் என்று கணக்கு. ஜெனரேட்டர் வந்த இடத்தில் கைப்பேசிக்கு மின்னேற்ற ஆளுக்கு இருபது ரூபாய். சுமார் ஒரு மாதம் இருட்டு. மெழுகுவத்தி விலை ஏறியது. தீப்பெட்டி நமத்துப்போயிற்று. கொசு சொல்லி முடியாது. விழுந்த மரங்கள் அழுக ஆரம்பித்ததும் அவற்றில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிழைத்து நிற்கும் மரங்களின் குருத்தையும் தின்றுவிடும். ஆகவே விழுந்தவற்றை விரைந்து அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். அறுக்க மெஷினும் இல்லை, ஆளும் இல்லை. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விழுந்து கிடக்க, யார் யாருக்கு உதவுவது? மரம் வாங்க வந்த செங்கல்சூளை வியாபாரி, "வெட்டுக்கூலி நீங்க குடுத்தா மரத்தை நான் எடுத்துக்கிறேன்" என்று தயவு காட்டினார்.

வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள். சேற்று வயலில் வண்டி இறங்காது. கம்பத்தைத் தோளில் சுமந்து, இடுப்பளவு சேற்றில் இறங்கி நட்டார்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்துக்கொண்டார்கள். ஊர்ப்பெண்கள் இருந்த அரிசியை ஒன்றாகப் போட்டு அவர்களுக்கு ஆக்கிப் போட்டார்கள். வாங்குகிற கையாகவே இருந்த அந்த நாட்களில், கொடுப்பதற்கும் எங்களிடம் ஏதோ இருந்தது என்பதில் அம்மாவுக்கு எவ்வளவு பெருமை!

நிவாரண லாரிகள் வந்தன. பெரும்பாலும் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். உள்ளே வர வழியில்லை. லாரி சத்தம் கேட்டதும் ஓட வேண்டும். நானும் ஓடினேன். தோப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. இளநீர் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியறியாத வீடு. முதல்நாள் வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் தோப்பு மரமேறி. அவர் என்னைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எனக்காகச் செய்த மரியாதை என்பது அப்போது புரியவில்லை. என் கையில் ஒரு மூட்டையைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டே புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும்போலும் என்று சிரித்துவைத்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பழந்துணி. பொத்தானில்லாத சட்டை, ஒற்றைக் காலுறை, சரிகை கிழிந்த பட்டுப்பாவாடை. கொடுத்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. வீட்டில் கிடந்ததை நல்லெண்ணத்தோடு எடுத்துக் கட்டியிருப்பார்கள். ஆனால் பத்து ஊர்த் துணி மழையில் நனைந்து சாலையோரம் குவிந்து கிடந்ததை நான் பார்த்தேன். அதே நேரத்தில் என் அம்மா, மாதாந்தரத் தேவைக்குத் துணியின்றி, அதை யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். பெண்களுக்குள் கிசுகிசுப்பாகப் பேசிக்கொள்வார்கள். லாரியின்மேல் நிற்கும் ஆண்களிடம் யார் கேட்பது? அரசு கொடுத்த 27 பொருள்கள் அடங்கிய பெட்டகம் வந்தபோது, அதிலிருந்த புதுப்புடவையை அம்மா மோந்து பார்த்தது நினைவிருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு லாரி வந்தது. கம்பத்திலிருந்து வந்தது. வாழைத்தாரும் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றி, சாலையில் நிற்காமல், வழியில் கிடந்த மட்டைகளைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். கம்பம் என்ற ஊரை நான் கேள்விப்பட்டதே அன்றுதான். அதில் வந்த பெரியவர் ஒருவர், தோட்டக்காரர், பொருளைக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "வேற என்னண்ணே வேணும்? சங்கடப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டார். அதுவரை யாரும் எங்களைக் கேட்கவில்லை. அப்பாவுக்கு முதலில் பேச்சு வரவில்லை. பிறகு, "சோறு எப்படியாச்சும் கெடைச்சுருதுங்க. மரத்தை அறுக்க மெஷினும் ஆளும் கெடைச்சா, நிக்கிற பதினோரு மரத்தைக் காப்பாத்திப்பேன்" என்றார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இப்படித் தலையாட்டிவிட்டுப் போனவர்கள் பலர். ஆனால் ஐந்தாம் நாள் அந்த லாரியே மறுபடி வந்தது. மூன்று ஆட்களும் இரண்டு அறுவை மெஷினும் டீசலும். எட்டு நாள் எங்கள் தெருவில் தங்கி அறுத்தார்கள். பெரியப்பா வீட்டு மாடியில் படுக்கை, எங்கள் வீட்டில் சாப்பாடு.

இழப்பீடு வந்தது. மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். ஆக 1,100 ரூபாய். அரசாங்கத்தின் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இத்தனை லட்சம் மரங்களுக்குக் கொடுப்பது எளிதன்று. ஆனால் நன்றாகக் காய்த்த ஒரு மரம் எங்களுக்கு ஒரே ஆண்டில் தந்த வருமானம் அது. புதுக்கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள். அதுவரை என்ன தின்பது? மகசூலை நம்பி வாங்கிய நகைக்கடனுக்கு வட்டி யார் கட்டுவது? அப்பா நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். எத்தனை முறை போட்டாலும் அதே ஏழு ஆண்டுகள்தாம் வந்தன. 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் கன்றுகளை நட்டுவிட்டு, கம்பத்துப் பெரியவர் கொடுத்துவிட்டுப் போன எண்ணுக்குப் பேசினார். "வாங்கண்ணே, தோட்டத்துல ஆள் வேணும்" என்றார் அவர். அப்பாயி வர மறுத்துவிட்டார். "கன்னுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கஜா புயல் எங்கள் ஊரை விட்டபின் அப்படியே மேற்கே போய், திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்து, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. அது ஒரே பகலில் கடந்த வழியில் நாங்கள் ஏழு மாதம் கழித்து, இரண்டு பெட்டியும் ஒரு பாத்திர மூட்டையுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினோம்.

ஜூன் மாதத்தில் வந்தோம். இதைவிட மோசமான மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிடுக்கின் வழியே நம் பள்ளத்தாக்கில் இறங்கி வீசும் காலம். உங்களுக்கெல்லாம் அது பழகிய காற்று. அதை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. எங்களுக்குக் கொடுத்த தோட்டத்து வீட்டுக்குத் தகரக் கூரை. முதல் இரவில் தகரம் தடதடத்தபோது அம்மா எங்கள் இருவரையும் பிடித்த பிடியில் என் கையில் நகக்குறி விழுந்தது. அப்பா படுக்கையில் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். வாய்க்காலோரம் வரிசையாய் நின்ற தென்னைகளில் ஒன்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி நின்றிருந்தார். மறுநாள் காலையில் தோட்டக்காரப் பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், "இது வருசா வருசம் வர்ற காத்துண்ணே. வாழையைச் சாய்ச்சாலும் சாய்க்கும். தென்னைய ஒண்ணும் பண்ணாது" என்றார். அன்று இரவு தம் மகனை எங்கள் வீட்டுத் திண்ணையில் படுக்க அனுப்பினார். ஒரு மாதம் அந்த அண்ணன் அங்கேயே படுத்துக்கொண்டார். என்ன காரணம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பார்த்து அப்பா வியந்ததைத் தனியாக எழுத வேண்டும். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்று கேட்டதும் கடைமடைக்காரரான அவர் வாய்பிளந்தார். "காவிரியில நாங்க பார்க்காத தலைமடைய இங்க வந்து பார்க்கறேன்" என்றார். திராட்சைப் பந்தலில் கவாத்துச் செய்யவும் வாழைக்கு முட்டுக் கொடுக்கவும் கற்றுக்கொண்டார். தென்னைமரம் மட்டும் ஏறிப் பார்ப்பதில்லை.

பள்ளியில் சேர்ந்த முதல்நாள், "தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஏன் இங்கே?" என்று வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்கப்பட்டது. "கஜாவுல எல்லாம் போயிருச்சுங்க" என்றேன். மதிய உணவு வேளைக்குள் எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 'கஜா வர்றான், ஓடு' என்பார்கள். என் பேச்சு வேறு அவர்களுக்கு வேடிக்கை. சண்டை போட்டால் பெயர் நிலைத்துவிடும் என்று அப்பாயி தொலைபேசியில் அறிவுரை சொன்னார். சண்டை போடாமலேயே நிலைத்துவிட்டது. அங்கிருந்து நண்பர்களோடு சேர்ந்து நம் கல்லூரிக்கும் வந்துவிட்டது. இங்கே அழைப்பவர்களில் பலருக்குக் காரணம் தெரியாது. தெரியாமல் அழைத்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நடுவழியில் நின்றுபோயிற்று. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நாமும் பொருள் திரட்டினோம். இரண்டே நாளில் கூடத்தின் ஒரு மூலை நிறைந்தது. நிறைந்தது எதனால் என்று எட்டிப் பார்த்தேன்: துணி. மேலாக ஒரு பட்டுப்பாவாடை, சரிகை கிழிந்தது. அதே பாவாடையாக இருக்க முடியாது என்று அறிவுக்குத் தெரிகிறது. கால் நகரவில்லை.

நான் முதலாமாண்டு மாணவன். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. திட்ட அலுவலரிடம் போய், "ஐயா, இதை அனுப்ப வேண்டாம்" என்றேன். "ஏன்?" என்றார். ஒன்றும் சொல்ல வரவில்லை. "நான் வாங்கியிருக்கிறேன் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் அழைத்து உட்காரவைத்து, "இவன் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். சொன்னேன். துவைத்துத் தேய்த்த துணி தவிர வேறு துணி வேண்டாம். அதுவும் உள்ளாடையும் நைட்டியும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். தார்ப்பாய், கயிறு, கொசுவத்தி, பிளீச்சிங் பவுடர், டார்ச் லைட், அதற்கு பாட்டரி, பால்பவுடர். தீப்பெட்டியைப் பாலித்தீன் பையில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நமத்துப்போகும். பெண்களுக்கான பொருள்களைத் தனி அட்டைப்பெட்டியில் வைத்து, பெண்கள் கையாலேயே கொடுக்க வேண்டும். மாணவியர் பக்கம் அதுவரை பேசாமலிருந்தவர்கள் அதன்பின் என்னைவிட நீளமான பட்டியல் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கே இருக்கும் யாரையாவது அழைத்து, 'என்ன வேணும்' என்று கேட்க வேண்டும் என்றேன். திருச்செந்தூர்ப் பக்கத்து மாணவர் ஒருவரின் மாமாவுக்கு அப்போதே பேசினோம். அவர் கேட்டது, நாங்கள் யாரும் நினைத்திராத பொருள்: வீட்டுக்குள் ஏறிய சேற்றை வாரித் தள்ள மண்வெட்டி. இருபத்தைந்து மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றினோம்.

வண்டியோடு நானும் போனேன். பொருள் கொடுக்கும்போது புகைப்படம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நண்பர்கள் சிலருக்கு அதில் வருத்தம். ஒரு தெருவில் என் தங்கை வயதுச் சிறுமி வரிசையில் நின்றாள். மூட்டையை அவள் கையில் கொடுத்ததும் நான் கையை எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

இனி ஊர்ச்செய்தி. நட்ட கன்றுகளில் கொம்பு வண்டுக்குப் போனது போக 78 நின்றன. அப்பாயிக்கு இடுப்பு வளைந்துவிட்டது. ஆனாலும் குடத்தை விடவில்லை. வரப்பிலிருந்த குழியில் ஒரு கன்றை யார் நட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா நடவில்லை. பெரியப்பா தாம் நடவில்லை என்கிறார். அப்பாயி கோடைக்காலத்தில் படுத்துக்கிடந்த மாதங்களில் எங்கள் கன்றுகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் விட்டவர் அவர்தான்.

சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம், நானும் அப்பாவும் பந்தலுக்கடியில் இருந்தபோது அப்பாயியிடமிருந்து தொலைபேசி வந்தது. நான்கு மரங்கள் பாளை விட்டிருக்கின்றனவாம். அதில் வரப்பு மரமும் ஒன்று. "ஒங்க அண்ணன் நேத்து வந்து நின்னு பார்த்துட்டு, 'சித்தி, இதுல பாதி எனக்கு'ன்னு சொல்லிட்டுப் போறாண்டா" என்றார்.

அப்பா திராட்சைக் கத்தரியைக் கீழே வைத்தார். "அது எப்படி அவருக்குப் பாதி? தூரு நம்ம பக்கம்தானே இருக்கு? நல்லாப் பாரு" என்று உரக்கக் கேட்டார். ஏழு ஆண்டுகளாக அப்படி ஒரு குரலை நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அப்பாயி, இருட்டிப்போச்சு, காலையில் அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.